இந்திய–வங்கதேச உறவை எங்கே நின்று ஆராய்வது? நான்கு வழிகளும் ஒரு முடிவும்

இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான உறவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய முன்வரும் ஒருவர், தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே, அந்த உறவை எந்த இடத்தில் நின்று பார்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்தாக வேண்டும். ஆவணக்காப்பகத்தில் அமர்ந்து பழைய கோப்புகளைப் படிக்கலாம். உடன்படிக்கைகளையும் தீர்ப்புகளையும் வரிவரியாக ஆராயலாம். எல்லையோர ஊர்களில் தங்கி அங்கே வாழ்பவர்களிடம் கேட்டறியலாம். வணிகம், மக்கள் நடமாட்டம், நீரோட்டம் போன்றவற்றின் புள்ளிவிவரங்களைத் திரட்டி உறவின் போக்கை அளக்கலாம். ஆய்வு முன்மொழிவுகளில் இந்த நான்கும் ‘பன்முக அணுகுமுறை’ என்ற ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் மூன்று அல்லது நான்கு ஆண்டுக் காலமும் அளவான உதவித்தொகையும் மட்டுமே கையில் உள்ள தனி ஆய்வாளர் ஒருவரால் நான்கையும் ஒரே ஆழத்தில் செய்துவிட முடியாது. எதை முதுகெலும்பாக வைத்துக்கொள்வது, எதைத் துணையாக அழைத்துக்கொள்வது, எதை மனமறிந்து விட்டுவிடுவது என்று தொடக்கத்திலேயே தீர்மானிப்பவர்களே ஆய்வேட்டை ஒழுங்காக முடிக்கிறார்கள்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், ஆராயப்படும் பொருளின் இயல்பைக் கவனிக்க வேண்டும். இந்த இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள நில எல்லை 4,096 கிலோமீட்டர் நீளமானது. இந்தியா தன் அண்டை நாடுகளுடன் பகிர்ந்துகொள்ளும் எல்லைகளில் இதுவே மிக நீண்டது. மேற்கு வங்கம், அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய ஐந்து மாநிலங்கள் இந்த எல்லையைத் தொடுகின்றன; அதில் பாதிக்கும் மேற்பட்ட நீளம், அதாவது 2,217 கிலோமீட்டர், மேற்கு வங்கத்துக்கு மட்டும் உரியது. எல்லையைக் கடந்து பாயும் ஆறுகள் 54. இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: உறவின் ஒரு தரப்பு நாடாகப் பிறந்தது 1971-இல், எல்லைக்கோடோ 1947-இலேயே வரையப்பட்டுவிட்டது. இன்று டாக்காவும் டெல்லியும் பேசித் தீர்க்கும் சிக்கல்களில் பல, டாக்கா ஒரு நாட்டின் தலைநகரமாக இல்லாத காலத்தில் உருவானவை. ஆகவே, 1971-இல் தொடங்கும் ஆய்வு கதையின் நடுவில் தொடங்குகிறது. 1947-இல் தொடங்கும் ஆய்வோ இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று அரசுகளின் ஆவணங்களை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இடர்ப்பாடு கூடவே வரும்.

முதலில் ஆவணக்காப்பக வழியை எடுத்துக்கொள்வோம். வரலாற்றுத் துறையிலிருந்து வரும் மாணவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நாடுகிறார்கள். அதற்குத் தகுந்த காரணமும் இருக்கிறது. 1947 முதல் 1971 வரையிலான காலத்துக்கு இந்த வழி மிக வளமானது. அதற்கு முன் இந்தியாவைப் பார்த்தே இராத பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8 அன்று டெல்லிக்கு வந்தார். பஞ்சாப், வங்காளம் ஆகிய இரண்டு எல்லை ஆணையங்களுக்கும் அவரே தலைவர். ஐந்து வாரங்களில் இரண்டு கோடுகளையும் வரைந்து முடித்தார். அந்தக் கோடுகள் வெளியிடப்பட்டது ஆகஸ்ட் 17 அன்று, அதாவது இரு நாடுகளும் விடுதலை பெற்ற பிறகு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த முர்ஷிதாபாத் இந்தியாவுக்கும், இந்துக்கள் சிறு வேறுபாட்டில் பெரும்பான்மையாக இருந்த குல்னா பாகிஸ்தானுக்கும் ஏன் சென்றன, கொல்கத்தா துறைமுகத்துக்கு நீர் தரும் ஆறுகளைப் பற்றிய கவலை அந்த முடிவில் எவ்வளவு பங்கு வகித்தது என்பன போன்ற கேள்விகளுக்கு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலகப் பதிவுகளும், டெல்லியிலும் டாக்காவிலும் உள்ள தேசிய ஆவணக்காப்பகங்களும் உண்மையாகவே பதில் சொல்லக்கூடியவை. கோடு வரையப்பட்ட சில ஆண்டுகளிலேயே எழுந்த நான்கு எல்லைத் தகராறுகளைச் சுவீடன் நாட்டு நீதிபதி ஆல்காட் பாகே தலைமையிலான தீர்ப்பாயம் 1950-இல் தீர்த்து வைத்தது. ஆற்றின் நடுக்கோடு என்று எழுதப்பட்ட இடத்தில் ஆறே இடம் மாறினால் எல்லையும் மாறுமா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது என்பதை அந்தப் பதிவுகள் காட்டுகின்றன.

1971-க்குப் பிறகு இந்த வளம் சட்டென்று வற்றிவிடுகிறது. இந்தியாவின் பொதுப் பதிவுகள் சட்டம் 1993-இல் இயற்றப்பட்டது. 25 ஆண்டுகள் கடந்த கோப்புகள் தேசிய ஆவணக்காப்பகத்துக்குச் சென்று சேர வேண்டும் என்பதே முறை. ஆனால் வெளியுறவுக் கோப்புகள் எல்லாம் அந்தக் கால ஒழுங்கில் வந்து சேர்வதில்லை; வந்தவையும் தொடர்ச்சியாக இருப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு, வெளிநாட்டு உறவைப் பாதிக்கக்கூடிய தகவலைத் தர மறுக்க அரசுக்கு இடமளிக்கிறது. 20 ஆண்டுகள் கடந்த செய்திகளுக்குச் சட்டம் தரும் தளர்வும் அந்த இனத்துக்குப் பொருந்தாது. இதனால் 1970-களைப் பற்றி எழுதுபவர்கள் மூன்றாம் நாட்டின் ஆவணங்களை நாடுகிறார்கள். 1971 நெருக்கடி பற்றிய அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுதி 2005-இல் வெளிவந்தது. பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகமும் அந்தக் காலக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது. இந்திரா காந்தியின் முதன்மைச் செயலாளராக இருந்த பி. என். ஹக்சரின் தாள்கள் டெல்லியில் தீன்மூர்த்தி வளாக நூலகத்தில் படிக்கக் கிடைப்பது பெரும் பேறு. ஆயினும், வாஷிங்டனிலிருந்தும் லண்டனிலிருந்தும் பார்த்து எழுதப்படும் வரலாற்றில் வங்கதேசம் பெரும்பாலும் பிறர் பேசும் பொருளாகவே நிற்கிறது. பேசும் குரலாக நிற்பது அரிது. இது ஆய்வாளரின் நேர்மைக் குறைவால் வருவது அன்று, கிடைக்கும் தாள்களின் இயல்பால் வருவது. அதனாலேயே இதைக் கண்டுகொள்வதும் கடினமாக இருக்கிறது.

இரண்டாவது வழி உடன்படிக்கைகளையும் தீர்ப்புகளையும் முதன்மைச் சான்றாகக் கொள்வது. அரசியல் அறிவியல் மாணவர்கள் பலர் இதை வறண்ட வழி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் மதிப்பீட்டில், இந்த இரு நாடுகளைப் பொறுத்தவரை, நான்கு வழிகளிலும் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்பட்டு மிக அதிகமாகத் திருப்பித் தரக்கூடியது இதுதான். காரணம் எளியது: இந்த உறவின் பெரும் சிக்கல்கள் அனைத்தும் ஏதோ ஒரு கட்டத்தில் எழுத்தாகியிருக்கின்றன, அந்த எழுத்து பொதுவெளியில் இருக்கிறது, இரு தரப்பும் ஒரே வாசகத்தின் கீழ்க் கையொப்பமிட்டிருப்பதால், ஒரு தலைநகரின் குரல் மற்றதை மூடிவிடும் ஆபத்து இங்கே குறைவு.

மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்திலுள்ள பெருபாரி ஒன்றியத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள உடன்பட்டார்கள். இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழுந்து, குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நிலத்தைக் கையளிக்க அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் 1960-இல் கருத்துரைத்தது. அதே ஆண்டில் ஒன்பதாவது திருத்தம் வந்தது. இருந்தும் பெருபாரி கைமாறவில்லை. 1974 மே 16 அன்று இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் கையொப்பமிட்ட நில எல்லை ஒப்பந்தம் அந்த ஏற்பாட்டையே மாற்றியது: தென் பெருபாரி இந்தியாவிடமே இருக்கும், அதற்கு ஈடாக, இந்திய நிலத்தால் சூழப்பட்ட தாகாகிராம், அங்கார்போதா ஆகிய நிலத்திட்டுகளை வங்கதேசம் வைத்துக்கொள்ளும், அவற்றை அந்நாட்டோடு இணைக்க தீன்பிகா அருகே 178 மீட்டர் நீளமும் 85 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலத்தை இந்தியா நிரந்தரக் குத்தகைக்குத் தரும். வங்கதேசம் அதே ஆண்டில் தன் அரசமைப்பைத் திருத்தி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. இந்தியா ஒப்புதல் அளிக்க 2015-இல் நூறாவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கச்சத்தீவு தொடர்பாக 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கிலும் இந்தப் பெருபாரிக் கருத்துரையே ஆதாரமாகக் காட்டப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், வங்காளத்தின் ஒரு மூலையில் எழுந்த வழக்கு தமிழ் வாசகர்களுக்கும் அந்நியமானது அன்று என்பது புரியும்.

வாசகத்தை நெருங்கிப் படிப்பது எதைத் தரும் என்பதற்கு 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான கங்கை நீர்ப் பகிர்வு உடன்படிக்கை நல்ல எடுத்துக்காட்டு. ஃபராக்கா அணைக்கட்டில் ஜனவரி 1 முதல் மே 31 வரையிலான வறண்ட பருவத்தைப் பத்துப் பத்து நாள்களாகப் பிரித்து, ஒவ்வொரு பத்து நாளுக்கும் பங்கு குறிக்கிறது அதன் இணைப்புப் பட்டியல். ஏப்ரல் 11 முதல் 20 வரையிலான வரியைப் பாருங்கள்: ஆற்றின் சராசரி நீரோட்டம் விநாடிக்கு 62,633 கன அடி, அதில் இந்தியாவுக்கு 35,000, வங்கதேசத்துக்கு 27,633. அடுத்த வரியில், ஏப்ரல் 21 முதல் 30 வரை, நீரோட்டம் 60,992. இப்போது 35,000 வங்கதேசத்துக்கு, எஞ்சிய 25,992 இந்தியாவுக்கு. 70,000 கன அடிக்குக் கீழே சரிபாதி என்பதே பொது விதி. ஆனால் மார்ச் 11 முதல் மே 10 வரையிலான மிகக் கடினமான வாரங்களில் இரு நாடுகளும் மாறி மாறி 35,000 கன அடியை உறுதியாகப் பெறும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒருவர் வயிறார உண்ணும் பத்து நாள்களில் மற்றவர் குறைவாக உண்ண வேண்டும். பிறகு முறை மாறும். இரு அரசுகளுக்கும் இடையே இருந்த நம்பிக்கையின் அளவையும் அச்சத்தின் அளவையும் இந்த இரண்டு வரிகள் காட்டுவதுபோல் எந்தக் கூட்டறிக்கையும் காட்டுவதில்லை.

அதே உடன்படிக்கையை 1977 நவம்பரில் ஐந்தாண்டுகளுக்குச் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஆற்றில் நீர் எவ்வளவு குறைந்தாலும், குறித்த பங்கில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் வங்கதேசத்துக்குக் கிடைக்கும் என்ற உறுதிமொழி 1977-இல் இருந்தது. 1996-இல் அது இல்லை. அதன் இடத்தில், ஃபராக்காவில் நாற்பதாண்டுச் சராசரி நீரோட்டத்தைக் காக்க மேல்நிலை நாடு (ஆற்றின் மேற்பகுதியில் உள்ள இந்தியா) எல்லா முயற்சியும் எடுக்கும் என்றும், நீரோட்டம் 50,000 கன அடிக்குக் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கலந்து பேசும் என்றும் எழுதியிருக்கிறது. ‘உறுதி’ என்ற சொல் ‘முயற்சி’ என்ற சொல்லாகத் தளர்ந்த அந்த இடத்தில்தான் ஒரு முழு ஆய்வு அத்தியாயம் காத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குச் செய்யப்பட்ட அந்த உடன்படிக்கையின் காலம் 2026 டிசம்பரில் நிறைவடைவதால், இந்த ஒப்பீடு ஏட்டளவில் நின்றுவிடும் வேலையும் அன்று.

கடல் எல்லை வழக்கு இன்னொரு செல்வம். கடல் சட்டம் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின்படி வங்கதேசம் 2009-இல் நடுவர் மன்றத்தை நாடியது. 2014 ஜூலை 7 அன்று வந்த தீர்ப்பு, தகராறுக்கு உட்பட்டிருந்த 25,602 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் 19,467 சதுர கிலோமீட்டரை வங்கதேசத்துக்கு உரியதாக்கியது. நில எல்லை கடலைத் தொடும் புள்ளி எது என்று காண்பதற்காக அந்த நடுவர்கள் ராட்கிளிஃபின் வாசகத்தையும் வரைபடத்தையும் மீண்டும் விரித்துப் படிக்க நேர்ந்தது. இரு நாடுகளும் தத்தம் தரப்பை முழுமையாக எழுதி, வரைபடங்களோடு முன்வைத்த வாதங்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வெளியுறவு அமைச்சகக் கோப்புகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இப்படியொரு திரட்டு வேறு எங்கும் வாய்க்காது.

இவ்வளவு சொன்ன பிறகு இந்த வழியின் குறையையும் சொல்லியாக வேண்டும். எழுதப்பட்ட வாசகம், எழுதப்படாததைப் பற்றி மௌனமாக இருக்கிறது. தீஸ்தா ஆற்று நீரைப் பகிர 1983-இல் தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்தார்கள்: இந்தியாவுக்கு 39 விழுக்காடு, வங்கதேசத்துக்கு 36 விழுக்காடு, மீதி பிறகு முடிவு செய்யப்படும். நிலையான ஒப்பந்தம் 2011-இல் கையெழுத்தாகவிருந்த நேரத்தில் மேற்கு வங்க அரசின் எதிர்ப்பால் நின்றுபோனது. உடன்படிக்கைகளை மட்டும் படிப்பவருக்குத் தீஸ்தா ஒரு வெற்றுப் பக்கம். அந்த ஆற்றங்கரையில் வாழும் உழவருக்கோ அதுவே இரு நாட்டு உறவின் முழுப் பொருள். அதுபோலவே, 1974-இல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 41 ஆண்டுகள் ஆனது ஏன் என்பதை அந்த ஒப்பந்தம் சொல்லாது. அதற்கு நீதிமன்ற வழக்குகளையும், மாநில அரசியலையும், ஏறத்தாழ 17,160 ஏக்கரைக் கொடுத்து 7,110 ஏக்கரைப் பெறுவது இழப்பு என்று எழுந்த எதிர்ப்பையும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வழியான களப்பணிக்கு இங்கே இடம் பிறக்கிறது. 17,160 ஏக்கர் என்பது வங்கதேசத்துக்குள் தீவுகளாகக் கிடந்த 111 இந்திய நிலத்திட்டுகளின் பரப்பு. 7,110 ஏக்கர் என்பது இந்தியாவுக்குள் கிடந்த 51 வங்கதேச நிலத்திட்டுகளின் பரப்பு. வங்காள மொழியில் இவற்றைச் ‘சிட்மஹல்’ என்பார்கள். தாஹாலா காக்ராபாரி என்றொரு இடம் இருந்தது. ஒரு சணல் வயல். ஏறத்தாழ ஏழாயிரம் சதுர மீட்டர். அது இந்திய நிலம். அதைச் சூழ்ந்திருந்தது வங்கதேச நிலம். அந்த வங்கதேச நிலத்தைச் சூழ்ந்திருந்தது மீண்டும் இந்திய நிலம். அதையும் சூழ்ந்திருந்தது வங்கதேசம். உலகில் இப்படி மூன்று அடுக்கு நிலத்திட்டு வேறெங்கும் இருந்ததில்லை. வரைபட ஆர்வலர்களுக்கு அது ஒரு விந்தை. ஆனால் இத்தகைய நிலத்திட்டுகளில் வீடு கட்டி வாழ்ந்தவர்களுக்கோ, தம் நாட்டின் காவல் நிலையத்துக்கோ பள்ளிக்கோ செல்ல அயல்நாட்டு நிலத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கடந்தாக வேண்டும் என்பதே அந்த விந்தையின் பொருள். 2015 ஜூலை 31 நள்ளிரவில் 162 நிலத்திட்டுகளும் கைமாறின. அங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 51,000 பேர். வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் திட்டுகளிலிருந்து இந்தியாவுக்கு வரத் தேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் திட்டுகளிலிருந்து அந்நாட்டுக்குச் செல்ல எவரும் முன்வரவில்லை.

ஏன்? இந்தக் கேள்விக்கு எந்தக் கோப்பிலும் பதில் இல்லை. 1974 ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, அந்த மக்கள் இருக்கும் இடத்திலேயே தங்கி, நிலம் யாருக்குச் செல்கிறதோ அந்நாட்டின் குடிமக்களாக ஆகலாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. நிலத்தின் மீதான பிணைப்பா, உறவினர் அருகிருத்தலா, நிலப் பட்டா கிடைக்குமா என்ற ஐயமா, ஏற்கெனவே வேறு பெயரில் பெற்றிருந்த அடையாளச் சான்றுகளா என்பதை அவர்களிடம் கேட்டுத்தான் அறிய முடியும். களப்பணியின் வலிமை இதுதான்: இரு அரசுகளின் உறவை இரு நாடுகளின் உறவு என்று நாம் மயங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த மயக்கத்தைக் களம் கலைத்துவிடுகிறது. எல்லைக்கோட்டிலிருந்து 150 கெஜ தூரத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் எழுப்புவதில்லை என்ற 1975 வழிகாட்டுதல்களால், இந்தியா போட்ட வேலி பல இடங்களில் கோட்டிலிருந்து உள்வாங்கி நிற்கிறது. வேலிக்கு அப்பால் அகப்பட்ட தன் வயலுக்குச் செல்ல உழவர் குறித்த நேரத்தில் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டும். அந்தக் கதவருகே நிற்கும் வரிசையும், 2011-இல் மேகாலயாவின் கலாய்சாரில் தொடங்கிய எல்லைச் சந்தையில் இரு நாட்டினரும் அருகருகே அமர்ந்து விற்கும் காட்சியும் ஒரே எல்லையின் இரு முகங்கள்.

ஆனால் களப்பணிக்கு ஆய்வாளர் தரும் விலை பெரிது. வங்காள மொழி தெரிந்தாக வேண்டும். நிலத்திட்டுகள் இருந்த கூச்பிஹார்–ரங்பூர்ப் பகுதியில் நூலில் கற்ற வங்காள மொழி மட்டும் போதாது, அங்குள்ளவர்களின் பேச்சுவழக்கும் காதுக்குப் பழக வேண்டும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு குடியுரிமையைப் பற்றிக் கேட்டால், அஞ்சி நிற்கும் ஒருவர் அதிகாரிக்குச் சொல்லும் பதிலையே நமக்கும் சொல்வார். இந்திய ஆய்வாளர் வங்கதேசத்தில் களப்பணி செய்ய அதற்குரிய விசாவும் அனுமதியும் பெற வேண்டும். ஆட்சி மாறும்போது அனுமதியின் மனநிலையும் மாறுகிறது என்பதை 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா பதவி விலகி இந்தியாவுக்கு வந்த பிறகு ஏற்பட்ட இறுக்கத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லையைக் கடந்து பிழைப்பவர் நம்மிடம் நம்பிச் சொன்னது அச்சில் வந்தால் அவருக்கே கேடாக முடியலாம். பெயரை மாற்றினால் போதும் என்று எண்ணுவது தவறு; சிறிய ஊரில், தொழிலையும் குடும்ப அமைப்பையும் எழுதினாலே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

களத்தில் கேட்பது எல்லாம் சான்றாகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். கூச்பிஹார் மன்னரும் ரங்பூர்ப் பெருநிலக்கிழாரும் சதுரங்கத்தில் ஊர்களைப் பணயம் வைத்து ஆடியதால்தான் இந்த நிலத்திட்டுகள் உண்டாயின என்ற கதையை அங்கே பலரும் சொல்வார்கள். முகலாயருக்கும் கூச்பிஹார் அரசுக்கும் இடையே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போரும், அதன் முடிவில் யார் பிடித்த நிலம் யாரிடம் நின்றது என்பதுமே உண்மையான காரணம் என்று வரலாற்றாய்வு காட்டியிருக்கிறது. அந்தக் கதையைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. தங்கள் வாழ்க்கை யாரோ ஆடிய ஆட்டத்தின் மிச்சம் என்று மக்கள் உணர்ந்ததை அது சொல்கிறது. அதை உணர்வுக்குச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். நிகழ்வுக்குச் சான்றாக அன்று.

நான்காவது வழியான புள்ளிவிவரம் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வங்கதேசத்தினுடையது ஜூலையில். ஆகவே இரு அரசுகளும் வெளியிடும் வணிகக் கணக்கை அப்படியே பக்கத்தில் வைத்தால் பொருந்தாது. 2021–22 நிதியாண்டில் இந்தியா அந்நாட்டுக்கு ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 1,600 கோடி டாலர், அங்கிருந்து இறக்குமதி செய்தது ஏறத்தாழ 200 கோடி டாலர் என்பது சுங்கச் சாவடியைக் கடந்ததை மட்டும் சொல்லும்; இரவில் ஆற்றைக் கடக்கும் மாடுகளும் இருமல் மருந்துப் புட்டிகளும் அதில் இல்லை. கங்கைப் படுகையின் நீரோட்டத் தரவை இந்தியா பொதுவில் வெளியிடுவதில்லை. மக்கள் இடப்பெயர்வு பற்றி இரு நாட்டு அரசியல் மேடைகளிலும் வீசப்படும் எண்களை ஆய்வேட்டில் சேர்க்கும்முன் அவை எப்படிக் கணக்கிடப்பட்டன என்று கேட்க வேண்டும்; பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு அவை கரைந்துவிடும். பொருளியல் பயிற்சி உள்ளவர்களுக்கு வணிகம் ஒரு நல்ல களம் என்பதில் ஐயமில்லை. உறவின் முழு வடிவத்தையும் எண்களால் காட்டிவிடலாம் என்ற நம்பிக்கையை மட்டும் நான் ஏற்கவில்லை.

இப்போது முடிவுக்கு வருகிறேன். வங்காள மொழி தெரியாமல் தொடங்கும், நான்காண்டுக் காலம் உள்ள மாணவர் என்னிடம் கேட்டால், உடன்படிக்கை வாசகத்தை முதுகெலும்பாகவும், ஒரே ஓர் இடத்துக் களப்பணியைத் துணையாகவும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆவணக்காப்பகத்தை 1947–71 காலத்துக்கு, அதுவும் எடுத்துக்கொண்ட ஒரு சிக்கலின் கோப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும். புள்ளிவிவரம், வேறு வழியில் கண்டதைச் சரிபார்க்கும் உரைகல்லாக இருந்தால் போதும். முதல் ஆண்டு முழுவதும் வாசகங்களைப் படிக்கும் வேளையிலேயே மொழியையும் கற்றுக்கொள்ளலாம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறு செய்வதில்லை. ஆவணக்காப்பகத்தில் முதல் ஆண்டைச் செலவிடுபவருக்கு, கோப்பு வராத நாள்களின் சோர்வு மொழி கற்கும் ஊக்கத்தையும் கெடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி, கங்கையா நிலத்திட்டா என்பது. கங்கை உடன்படிக்கை நாளிதழ்களில் இடம்பெறும் பொருள். நெறியாளர்கள் அதை விரும்புவார்கள். அதன் வாசகம் எவ்வளவு வளமானது என்று மேலே சொன்னேன். ஆனால் வாசகத்தைத் தாண்டிச் செல்ல நீரோட்டத் தரவு வேண்டும். அது கைக்கு வராது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும் பொருளைப் பற்றி அதிகாரிகளும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் ஆய்வுக்கு நான் நிலத்திட்டுகளையே பரிந்துரைப்பேன். அதற்கு 1958, 1974, 2011 (1974 ஒப்பந்தத்துக்கான நெறிமுறை), 2015 என்று நான்கு தெளிவான வாசகங்கள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் கருத்துரை இருக்கிறது. கைமாற்றத்துக்கு முன்னும் பின்னும் வாழ்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வங்கதேசத்துக்குச் செல்ல அனுமதி கிடைக்காத ஆண்டிலும், கூச்பிஹார் மாவட்டத்தில் இந்திய நிலமாக மாறிவிட்ட முன்னாள் வங்கதேசத் திட்டுகளில் இந்தியாவுக்குள் இருந்தபடியே களப்பணி செய்யலாம். இந்தக் கடைசிக் காரணம் சிறியதாகத் தோன்றலாம். நான்காண்டு ஆய்வு நின்றுபோகாமல் காப்பது பல நேரங்களில் இத்தகைய காரணம்தான். முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருப்பதால் இந்த வாய்ப்புக்குக் காலவரம்பும் உண்டு.

ஒரே ஒரு சூழலில் என் பரிந்துரையை மாற்றிக்கொள்வேன். மாணவர் வீட்டிலேயே வங்காள மொழி பேசி வளர்ந்தவராகவோ, அதைப் பல ஆண்டுகள் கற்றவராகவோ இருந்து, டாக்கா ஆவணக்காப்பகத்தில் ஓராண்டு அமர்வதற்கான அனுமதியும் பெற்றிருந்தால், 1947 முதல் 1965 வரையிலான காலத்தை அவர் ஆவணங்களிலிருந்து எழுத வேண்டும். மாவட்ட ஆட்சியர்களும் காவல் ஆய்வாளர்களும் எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள், மேய்ந்துகொண்டே கோட்டைத் தாண்டிவிட்ட மாடு, ஆறு விழுங்கிய வயல், அறுவடைக்குக் கடந்து சென்று திரும்பாத கூலியாள் ஆகியவற்றைப் பற்றிய அந்தச் சின்னக் கடிதங்கள், டெல்லியும் அன்றைய பாகிஸ்தான் தலைநகர் கராச்சியும் எழுதிக்கொண்ட பெரிய கடிதங்களைவிட அதிகம் சொல்லக்கூடியவை. அவற்றின் ஒரு பாதியை டெல்லியில் படிப்பவர்கள் இருக்கிறார்கள். மறுபாதியையும் அதே மொழியறிவோடு படித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதக்கூடியவர் ஒருவர் கிடைத்தால், அவரை எல்லைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு அந்த வாய்ப்பைத் தவறவிட நான் ஒப்பமாட்டேன்.